அறைக்குத்தான் வாடகை

மும்பையை அடுத்த பன்வேலில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66, சுமார் 1,600 கி.மீ. ஓடிக் கன்னியாகுமரியில் முடிகிறது. மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், கடைசியில் கொஞ்சம் தமிழ்நாடு. 2010-ல் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் வந்தது. அதுவரை இதன் பெரும் பகுதிக்கு 17 என்று பெயர். ரயிலும் வேண்டாம் விமானமும் வேண்டாம், காரிலேயே கடலோரமாகப் போய்வரலாம் என்று முடிவு செய்யும் குடும்பங்கள் இந்தச் சாலையில்தான் இறங்குகின்றன. நாள் முழுக்க ஓட்டிய அலுப்பு தீர இடையில் இரண்டு இரவு, கடலைப் பார்த்தபடி ஒரு சொகுசு விடுதி. திட்டம் அவ்வளவுதான்.

கடலோரச் சாலை என்ற பெயர் ஓரளவுக்குத்தான் பொருந்தும். பெரும்பாலான தூரம் கடல் கண்ணிலேயே படாது. தென்னந்தோப்பு, வயல், செம்மண் மேடு, கழிமுகப் பாலம், மறுபடியும் தென்னந்தோப்பு. விதிவிலக்கு கர்நாடகத்தில் குந்தாப்பூருக்கு வடக்கே இருக்கும் மரவந்தே. அங்கே சாலையின் ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டே பார்க்கிறார்கள். இந்தக் கடற்கரையிலேயே சிறந்த காட்சி இதுதான் என்று சொல்லலாம். கட்டணம் கிடையாது.

மற்ற இடங்களில் கடலைப் பார்க்கச் சாலையை விட்டு மேற்கே திரும்ப வேண்டும். குறுகிய தெரு, சர்ச் அல்லது கோயில், வலை காயும் முற்றங்கள், பிறகு திடீரென்று ஓர் உயரமான சுவர். கேட்டில் நிற்கும் காவலாளி காருக்கு அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்க்கிறார். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நிலைத்துவிட்ட சடங்கு. உள்ளே போனால் புல்வெளி, குளிர்ந்த துண்டு, ஒரு தம்ளர் கோகம் சர்பத். அறை இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்று புன்னகையோடு சொல்லப்படும்.

இந்த விடுதிகளுக்குத் தனி அகராதி உண்டு. ‘சீ ஃபேஸிங்’ என்றால் கட்டில் கடலைப் பார்த்திருக்கும். ‘சீ வியூ’ என்றால் பால்கனியில் நின்றால் தெரியும். ‘பார்ஷியல் சீ வியூ’ என்றால் பால்கனியில் நின்று கழுத்தை எவ்வளவு வளைக்கத் தயார் என்பதைப் பொறுத்தது. ‘கார்டன் வியூ’ என்றால் கடல் சத்தமாவது கேட்கும் என்று நம்பலாம். ஒவ்வொரு படிக்கும் வாடகை ஏறுகிறது. டிசம்பர் கடைசி வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது, மழைக்காலத்தில் வெகுவாக இறங்குகிறது. ஓர் இரவுக்கு ரூ. 7,500-க்கு மேல் போனால் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் செய்யப்பட்ட வரிக் குறைப்பு ரூ. 7,500 வரையுள்ள அறைகளுக்குத்தான். அவற்றுக்கு 5 சதவீதம். கடலைப் பார்த்த அறைகள் பெரும்பாலும் இந்தச் சலுகைக்குள் வருவதில்லை.

இத்தனையும் கொடுத்துவிட்டு விருந்தினர் குளிப்பது நீச்சல்குளத்தில். அதில் தவறில்லை. மேற்குக் கரையின் அலைகள் மழைக்காலத்தில் யாரையும் மதிப்பதில்லை. கோவாவில் 2008 முதல் உயிர்காப்பாளர்கள் கடற்கரை நெடுக நிற்கிறார்கள். ஜூன் வந்தால் சிவப்புக் கொடி நட்டு விசில் ஊதுவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. கோவாவிலும் கர்நாடகத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மலிவு வாடகைக்கு ஆசைப்பட்டு அந்த மாதங்களில் வருகிறவர்கள், உணவு விடுதி அட்டையில் இருக்கும் வஞ்சிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்வது நல்லது.

குடும்பம் அறைக்குப் போய்விட்டது. காரை ஓட்டி வந்தவர்? வாடகைக் காரில் வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி இரவு பத்து மணிக்கு மேல்தான் நினைவுக்கு வருகிறது, பலருக்கு வருவதே இல்லை. சில விடுதிகள் டிரைவர்களுக்கு என்று ஒரு பொது அறையும் சாப்பாடும் தருகின்றன. பல இடங்களில் சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவோடு காரிலேயே தூக்கம். மறுநாள் முந்நூறு கி.மீ. வண்டி ஓட்டப் போகிறவர் அவர்தான். தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்க இடமும் கழிப்பறை, குளியல் வசதியும் செய்து தர வேண்டும் என்றது. மற்ற மாநிலங்களில், அறையைப் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுவது விருந்தினரின் பொறுப்பு. கடல் தெரியுமா என்று கேட்கிற அதே போன் காலில் இதையும் கேட்கலாம்.

டிரைவர் ஒருபுறம் இருக்கட்டும். சுவருக்கு வெளியே நிற்கும் இன்னும் பலர் இருக்கிறார்கள்: அந்த ஊர்க்காரர்கள்.

விடுதியின் புல்வெளி முடியும் இடத்தில் மணல் தொடங்குகிறது. அங்கே சாய்வு நாற்காலி, குடை, ஒரு சிப்பந்தி. ‘எங்கள் பிரைவேட் பீச்’ என்று விளம்பரம் சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. கடல் ஏறி இறங்கும் மணல் அரசுடையது, அதாவது எல்லாருடையது. 1981 நவம்பரில் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏற்றத்தின்போது கடல் தொடும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை எந்த வேலையும் நடக்காமல் கரையைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்தாண்டு கழித்து, 1991 பிப்ரவரி 19-ல், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஊர் உருவாகாத கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 200-லிருந்து 500 வரை அனுமதி பெற்றுக் கட்டலாம்.

அந்த அறிவிக்கையில் ரிசார்ட்டுகளுக்கென்றே ஓர் இணைப்பு இருந்தது. அதை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர். மணல் பொதுச் சொத்து என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அந்த மணலுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. எனவே, இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போகக் குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடம் விட வேண்டும் என்று ஒரு விதி. 2011-ல் அறிவிக்கை புதுப்பிக்கப்பட்டபோதும் இது நீடித்தது. விடுதியில் தங்குகிறவர்கள் மாலையில் சுவருக்கு வெளியே ஒரு நடை போய்ப் பார்த்தால், இந்த 20 மீட்டர் எத்தனை மீட்டராக இருக்கிறது என்று தாங்களே அளந்துகொள்ளலாம்.

இந்தக் கரையின் புகழ்பெற்ற விடுதிகள் சில சட்டத்துக்கு மூத்தவை. கோவாவில் 17-ஆம் நூற்றாண்டு போர்ச்சுக்கீசியக் கோட்டையின் கீழ்ச் சுவரை ஒட்டித் தாஜ் குழுமத்தின் ஃபோர்ட் அகுவாதா விடுதி 1974-ல் திறக்கப்பட்டது. 1983 நவம்பரில் காமன்வெல்த் தலைவர்கள் ஓய்வெடுக்க வந்தது இங்கேதான்; அவர்களுக்காக மேட்டில் தனிக் குடில்களே கட்டப்பட்டன. விருந்து கொடுத்தவர், இரண்டாண்டுக்கு முன் அந்தக் கடிதத்தை எழுதிய அதே இந்திரா காந்தி. அலை தொடும் தூரத்தில் இப்படிப் புதிதாகக் கட்ட இன்று அனுமதி கிடைக்காது. பழைய விடுதிகளின் வாடகையில் ஒரு பங்கு அதற்கும் சேர்த்துத்தான். ஆனால் வாடகை கொடுத்தாலும் காட்சிக்கு உத்தரவாதம் இல்லை. 2000 ஜூனில் ரிவர் பிரின்சஸ் என்ற பிரம்மாண்டமான தாதுக் கப்பல் கண்டோலிம் கரையில் தட்டி நின்றது. அதை முழுவதும் அகற்ற 2012 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டு அந்தப் பக்கத்து விடுதிகளின் ‘சீ வியூ’வில் ஒரு துருப்பிடித்த கப்பலும் சேர்ந்திருந்தது.

பாதை விஷயத்துக்கு வருவோம். பனாஜியை ஒட்டிய டோனா பாவ்லாவில் வைங்கினிம் என்று ஒரு சின்னக் கடற்கரை. அங்கே 1982-ல் முடிந்த ‘சிடாடே டி கோவா’ ஓட்டல் பார்க்க அழகானது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரிய அதை ஓட்டல் போலக் கட்டாமல் ஒரு குட்டி ஊர் போலக் கட்டினார். முற்றங்கள், சந்துகள், சுவரில் வண்ணத்தில் தீட்டிய கதவுகளும் ஆட்களும். ‘கோவா நகரம்’ என்று அர்த்தம் தரும் பெயர் வீண்போகவில்லை. வம்பு வந்தது அசல் ஊர்க்காரர்களிடமிருந்து. ஓட்டலுக்காக அரசே நிலம் கையகப்படுத்திக் கொடுத்திருந்தது. அந்த நிலத்தின் வழியாகத்தான் மக்கள் காலங்காலமாகக் கடற்கரைக்குப் போய்வந்தார்கள். பாதையை விட்டுவைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனையும் இருந்தது. ஓட்டல் விரிவடைந்தபோது அதன் மேல் கட்டடம் எழுந்தது.

ஊர்க்காரர்களும் கோவா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம், பாதையை மறித்த கட்டடத்தை இடிக்கச் சொன்னது. நிறுவனம் அப்பீல் செய்தது. 2009 ஜனவரி 20-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. கடல், கரை, ஆறு போன்றவை அரசிடம் மக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட சொத்துகள், அவற்றைத் தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்ற கொள்கையைத் தீர்ப்பு விரிவாகவே பேசியது. இந்தக் கொள்கை இந்தியாவில் காலூன்றியதும் ஒரு விடுமுறை விடுதியால்தான் என்பது வேடிக்கை. இமாசலத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மோட்டல், வெள்ளத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஆற்றின் போக்கையே திருப்பப் பார்த்தது. எம்.சி. மேத்தா பெயரில் நடந்த அந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில்தான் இது நிலைநாட்டப்பட்டது.

ஊர்க்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்தால் அது அவசரம். தீர்ப்பு வந்த அதே 2009-ல் கோவா அரசு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தையே தன் மாநிலத்துக்காகத் திருத்தியது, அதுவும் முன்தேதியிட்டு. எந்த ஒப்பந்த நிபந்தனையை வைத்துத் தீர்ப்பு வந்ததோ அதன் அடித்தளத்தை அந்தத் திருத்தம் அகற்றியது. இடிக்க வேண்டிய கட்டடம் தப்பியது. கோவா ஃபவுண்டேஷன் மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது. 2016-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாகியது. சட்டசபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒரே ஓட்டலுக்காக ஒரு மாநிலம் அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கியது என்பதும் சேர்த்தே நினைவுகொள்ளப்பட வேண்டும். பஸ் நிலையத்துக்குக் கூரை கேட்டு ஆண்டுக்கணக்கில் நடக்கிறவர்களுக்கு இந்த வேகம் புரியாது.

கோவாவை விட்டுத் தெற்கே இறங்கும் கார், அங்கோலாவுக்கு அருகில் ஷிரூரைக் கடக்கிறது. 2024 ஜூலை 16-ல் மலை சரிந்து சாலையையும் சாலையோரக் கடையையும் மூடிய இடம் அது. கேரளத்துக்குள் மலப்புரம் மாவட்டம் கூரியாட்டில் 2025 மே மாதம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஆறு வழிச் சாலையே சரிந்து விழுந்தது. மழைக்காலத்தில் இந்தச் சாலையை நம்பி நாள் குறிக்கக் கூடாது. கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்கிறவர்களே நிம்மதியாகப் போகிறார்கள்.

கொச்சி நகரைத் தாண்டும்போது மரடு வருகிறது. கடலோர விதிகளை மீறியதற்காக நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதை நாடே டிவியில் பார்த்தது. அதற்கு முந்தின நாள், ஜனவரி 10-ல், உச்ச நீதிமன்றம் சொன்ன இன்னொரு தீர்ப்பு அந்தப் புழுதியில் மறைந்துபோனது. மரடிலிருந்து இன்னும் தெற்கே, ஆலப்புழை மாவட்டம் பாணாவள்ளியில், வேம்பநாட்டு ஏரிக்குள் நெடியதுருத்து என்று ஒரு தீவு. அங்கே காப்பிகோ என்ற நிறுவனம் 54 வில்லாக்கள் கொண்ட ஏழு நட்சத்திர ரிசார்ட்டைக் கட்டி முடித்திருந்தது. வில்லாவுக்கு ஒரு நீச்சல்குளம். சுற்றிலும் தண்ணீர், நடுவில் தனித்தனியாய்த் தண்ணீர்த் தொட்டிகள்.

அதை எதிர்த்தவர்கள் பெரிய இயக்கம் எதுவும் இல்லை, ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள். தீவைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டுவது அவர்கள் பிழைப்பு. கட்டுமானம் வந்ததும் அந்த வலைகளுக்கு இடமில்லாமல் போனது. 2013-ல் கேரள உயர் நீதிமன்றம் ரிசார்ட்டை இடிக்க உத்தரவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. ஒரு விருந்தினர்கூட ஓர் இரவும் தூங்காத 54 வில்லாக்கள் ஒவ்வொன்றாய்ச் சரிந்தன. கட்ட அனுமதி கொடுத்த அலுவலகங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு. ஏரியில் வலை கட்டுகிறவருக்குத் தெரிந்த விதி அங்கே யாருக்கும் தெரியாமல் போனது எப்படி என்பது கேட்கத் தகுந்த கேள்வி.

இதற்கிடையே விதியே இளகிவிட்டது. 2019 ஜனவரி 18-ல் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமக் கரைகளில் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50-ஆகக் குறைத்தது. நெருக்கம் என்றால் 2011 கணக்கெடுப்பின்படி ச.கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல். காயல் தீவுகளுக்கு 20 மீட்டர் போதும். வீடு கட்ட வழியில்லாமல் திண்டாடிய மீனவக் குடும்பங்களுக்கு இதில் நியாயமான நிம்மதி உண்டு. தலைமுறையாக இருந்த இடத்தில் ஓர் அறை கூட்டிக் கட்டக்கூட முடியவில்லை என்பது கேரளத்தில் பழைய புகார். ஆனால் 50 மீட்டரில் வீடு கட்டலாம் என்றால் அந்த இடத்துக்கு விலை பேச வருகிறவர் யார் என்பதும் மீனவருக்குத் தெரியும்.

பயணத்தின் கடைசி இரவு கோவளம். இங்கே முதலில் வந்தது 1932-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் கட்டிய ஹால்சியன் மாளிகை. பிறகு அது அரசு கைக்கு வந்தது. பக்கத்துக் குன்றில் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக ஒரு விடுதி எழுந்தது. 1969-ல் ஆரம்பித்து 1974-ல் முடிந்தது. இதுவும் சார்லஸ் கொரிய வேலைதான். குன்றின் உச்சியில் கோட்டை போல நிறுத்தாமல், மணலிலும் இறக்காமல், சரிவில் படிப்படியாக அறைகளைப் பதித்தார். எல்லா அறைக்கும் கடல். கீழே கடற்கரை அப்படியே கிடந்தது. சொகுசும் பொதுக் கடற்கரையும் ஒன்றுக்கொன்று பகை ஆகவேண்டியதில்லை என்பதற்கு இந்தக் கட்டடம் இன்றும் சாட்சி. கட்டியது அரசு நிறுவனம், அதுவும் சட்டம் வருவதற்கு 17 ஆண்டு முன்பு.

2002-ல் பங்கு விலக்கலில் அது தனியாருக்குப் போனது. மாளிகையும் சேர்ந்து போனதா இல்லையா என்று பதினைந்து ஆண்டு வழக்கு நடந்தது. மாளிகையைத் திரும்ப எடுக்கக் கேரள அரசு 2005-ல் சட்டமே போட்டுப் பார்த்தது, நிற்கவில்லை. கடைசியில் 2017-ல், உரிமை கோரி சிவில் வழக்குப் போடும் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஓட்டலிடம் ஒப்படைக்க முடிவு செய்தது.

அதிகாலையில் அந்தப் பால்கனிகளில் காப்பியோடு நிற்கிறவர்களுக்கு இரண்டு காட்சிகள் கிடைக்கும். தெற்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் ராட்சதக் கன்டெய்னர் கப்பல்கள். 2025 மே 2-ல் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த துறைமுகம் அது. கீழே மணலில் கரைவலை. இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாக நின்று, பாட்டின் தாளத்துக்குக் கயிற்றை இழுக்கிறார்கள். வலை கரைசேர ஒரு மணி, சில நாள் இரண்டு மணி ஆகிறது. ஓட்டலிலிருந்து இறங்கி வந்த விருந்தினர் சிலர் போட்டோ எடுக்கிறார்கள், ஓரிருவர் தாங்களும் கயிற்றைப் பிடித்துப் பார்க்கிறார்கள். யாரும் தடுப்பதில்லை. வலைக்குள் பெரும்பாலும் சின்ன மீன், கொஞ்சம் ஜெல்லி மீன், நிறைய பிளாஸ்டிக். மணலிலேயே ஏலம் போட்டு, பங்கு பிரித்து, கூடையைத் தலையில் ஏற்றுகிறார்கள். பெண்கள் மேட்டுப் பாதையில் நடக்கிறார்கள், விடுதிச் சுவரின் ஓரமாக, காருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும் டிரைவரைத் தாண்டி.